ஆட்டுக்கால் பாயா ஏன் உறைகிறது? உயிர்வேதியியலை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "பி.எஸ்சி. உயிர்வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். கார்போஹைட்ரேட், புரதம், லிப்பிட், நியூக்ளிக் அமிலம் என்று நான்கு அலகுகள். படங்களையெல்லாம் மனப்பாடம் செய்கிறேன், தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துபோகிறது. இந்த நான்குக்கும் பொதுவாக ஏதாவது உண்டா? எங்கிருந்து தொடங்கினால் பிடிபடும்?"

உண்டு. பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்திவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் நோட்டில் கோடு போட்டு வரைகிற பிணைப்புகளை மட்டும் படித்தால் இந்தப் பாடம் ஒட்டவே ஒட்டாது. கோடு போடாமல் விடுகிறோமே, அந்த வலுக்குறைந்த பிணைப்புகளைப் பிடித்துக்கொண்டால் நான்கு அலகும் ஒரே கதையாகிவிடும்.

முதலில் மூன்று எண்கள். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான சகப்பிணைப்பை (நாம் கோடு போட்டு வரைகிறோமே, அதை) உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். உடல் சூட்டில் மூலக்கூறுகள் சும்மா ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருப்பதற்கான ஆற்றல் மோலுக்குச் சுமார் 2.5. 350 எங்கே, 2.5 எங்கே! சகப்பிணைப்பு இந்த இடிபாட்டில் அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு அப்படியில்லை. தனியாக ஒன்று இருந்தால் உருவாகும், உடையும், மறுபடி உருவாகும். நூறு சேர்ந்தால் உறுதியாக நிற்கும், ஆனாலும் கொஞ்சம் சூடோ உப்போ அமிலமோ பட்டால் நெகிழ்ந்துகொடுக்கும். தென்னங்கீற்று முடைவதைப் பார்த்திருப்பீர்கள். ஆணி இல்லை, பசை இல்லை, ஒவ்வொரு ஓலையும் அடுத்ததன் கீழே செருகி நிற்கிறது, அவ்வளவுதான். மழைக்கு நிற்கும், வேண்டுமென்றால் பிரிக்கவும் முடியும். உயிருக்கு இந்த இரண்டும் வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. சோறு வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்கவைத்து, சோதனைக் குழாயில் எடுத்து, நீர்த்த அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாகும். பள்ளியிலேயே செய்திருப்பீர்கள். ஆனால் பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த படிதான் எனக்குப் பிடித்தது: குழாயை மெல்லச் சூடாக்குங்கள். நீலம் வெளிறி, வெளிறி, நிறமே இல்லாமல் போகும். இப்போது குழாயைக் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். தண்ணீர் படும் பக்கத்திலிருந்து நீலம் திரும்பி வரும். முதல் தடவை இதைப் பார்க்கிற மாணவர்கள் யாரும் வகுப்பை விட்டு உடனே கிளம்பியதில்லை.

என்ன நடந்தது? மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. அது சுருள்வில் போலச் சுருண்டுகொள்ளும், ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். சுருளின் நடுவே இருக்கும் குழலுக்குள் அயோடின் அணுக்கள் வரிசையாகப் போய் உட்காரும்போதுதான் நீலம் வருகிறது. சுருளைப் பிடித்துவைப்பதும் அயோடினை உள்ளே பிடித்துவைப்பதும் வலுக்குறைந்த ஈர்ப்புகள்தாம். சூட்டில் அவை நெகிழ்ந்தன, நீலம் போயிற்று. ஆறியதும் தாமாகவே கூடின. குளுக்கோஸைக் குளுக்கோஸுடன் கோத்த சகப்பிணைப்பு ஒன்றுகூட இதில் அறுபடவில்லை.

அதே குளுக்கோஸைக் கொஞ்சம் வேறு மாதிரிக் கோத்தால் என்ன ஆகும் என்பதற்கு வயலுக்குப் போனால் போதும். நெற்பயிரில் அரிசியும் வைக்கோலும் ஒரே தாளில் வருகின்றன. அரிசியில் இருப்பது மாவுச்சத்து, வைக்கோலில் மிக அதிகமாக இருப்பது செல்லுலோஸ். இரண்டும் குளுக்கோஸ் சங்கிலிதான். முதலாம் கார்பனிலிருந்து வரும் பிணைப்பு ஒரு பக்கம் திரும்பியிருந்தால் ஆல்ஃபா, மறுபக்கம் திரும்பியிருந்தால் பீட்டா. ஆல்ஃபாவில் சங்கிலி வளைந்து சுருளாகிறது, நடுவே தண்ணீர் நுழைகிறது, நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதிக்கும் பிடி கிடைக்கிறது. பீட்டாவில் அடுத்தடுத்த குளுக்கோஸ் தலைகீழாகத் திரும்பித் திரும்பி நிற்பதால் சங்கிலி நேர்க்கோடாக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கம் படுத்துத் தங்களுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. தண்ணீருக்கு இடமே இல்லை. அதனால் ஒன்று சோறு, மற்றொன்று மாட்டுத் தீவனம். மாட்டுக்குக்கூட செல்லுலோஸை வெட்டும் நொதி சொந்தமாகக் கிடையாது. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. தேர்வுத்தாளில் "ஆல்ஃபா 1,4, பீட்டா 1,4" என்று எழுதும்போது இந்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள், மாற்றி எழுத மாட்டீர்கள்.

இனி புரதம். இங்கே நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் முக்கியமான ஒரு பகுதி சென்னையில் நடந்தது.

ஆட்டுக்கால் பாயா மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போம். காலையில் கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள், வழியாது. விரலால் தொட்டால் அதிரும். அடுப்பில் வைத்த இரண்டு நிமிடத்தில் மறுபடி தண்ணீர். அரிசி மாவோ தேங்காய்ப்பாலோ சேர்க்காமல் வெறும் காலை மட்டும் வேகவைத்தாலும் இது நடக்கும். காலில் இருக்கும் தசைநாணிலும் எலும்பிலும் தோலிலும் நிறைந்திருப்பது கொலாஜன். பாலூட்டிகளின் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அதுதான். ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிகள் மூன்று, கயிறு திரித்தது போல ஒன்றையொன்று சுற்றி நிற்கின்றன. நீண்ட நேரம் வேகவைத்தால் புரி பிரிந்து தனித்தனிச் சங்கிலியாகிறது. அதுதான் ஜெலட்டின். குளிரும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சங்கிலிகள் திரும்பவும் பின்னிக்கொண்டு, இடையில் தண்ணீரைச் சிறைப்பிடிக்கின்றன. முழுக் கயிறாக மறுபடி ஆவதில்லை, ஆனால் உறைய அது போதும். கஞ்சியில் நீலம் திரும்பி வந்த அதே கதை.

இந்த மூன்று புரிக் கயிற்றை முதலில் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கோ. நா. ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும். ராமச்சந்திரன் 1952-இல் அங்கே இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது வயது ஏறத்தாழ 30 தான். அந்த நாட்களில் சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னல் என்ற பிரிட்டிஷ் அறிஞர், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அது போதுமாயிருந்தது. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து மாதிரி கிடைத்தது, அதில் ஒன்று கங்காருவின் வால் தசைநாண். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, கணக்குப் போட்டு, 1954-இல் நேச்சர் இதழில் மும்மடிச் சுருளை வெளியிட்டார்கள். மூன்று புரிகளும் சேர்ந்தே இன்னொரு முறுக்கு முறுகி நிற்கின்றன என்ற திருத்தம் 1955-இல் வந்தது.

அந்த வடிவத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கொலாஜன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசினாக இருக்கும். ஏன் என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் பலர் "அது கொலாஜனின் பண்பு" என்கிறார்கள். கிளைசினின் பக்கத்தொகுதி ஒரே ஒரு ஹைட்ரஜன். மூன்று புரிகளும் கூடும் நடுப்பகுதியில் அதற்கு மேல் எதற்கும் இடமில்லை. அந்த இடத்தில் ஒரு கிளைசினுக்குப் பதில் பெரிய அமினோ அமிலம் வந்துவிட்டால் கயிறு அங்கே உப்பிப் பிரிகிறது. சிறு அடிக்கே எலும்பு முறியும் பிறவி நோய் பல குழந்தைகளுக்கு இப்படித்தான் வருகிறது. கிளைசினின் அமைப்பை வரையத் தெரிவதைவிட இது தெரிவது முக்கியம் என்பது என் கருத்து.

இன்னொன்று, இதைவிட ஆச்சரியமானது. கொலாஜன் சங்கிலி உருவான பிறகு, அதிலுள்ள பல புரோலின்களின் மேல் ஒரு நொதி ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை ஒட்டுகிறது. அந்த நொதியில் உள்ள இரும்பு சரியான நிலையில் இருக்க வைட்டமின் சி வேண்டும். ஹைட்ராக்சில் ஒட்டாத மும்மடிச் சுருள் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும். ஒட்டியது சுமார் 39 டிகிரி வரை தாங்கும். நம் உடல் 37. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கம் எழுதிப் பாருங்கள். வைட்டமின் சி இல்லாமல் புதிதாக உருவாகும் கொலாஜன் உடல் சூட்டிலேயே கயிறாக நிற்காது. ஈறு கசிகிறது, பல் ஆடுகிறது, ஆறிய பழைய புண்கூடத் திறந்துகொள்கிறது. மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகள் ஸ்கர்வி நோயில் செத்தது இதனால்தான். ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் கப்பலிலேயே ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்து, தேறுகிறார்கள் என்று காட்டினார். எந்த அணு எங்கே குறைகிறது என்பது தெரியவர இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

தோல் பதனிடுவதும் இதே பாடம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டுப் பேச்சாகவே இருந்திருக்கும். பச்சைத் தோலை 60, 65 டிகிரித் தண்ணீரில் போட்டால் சுருங்கிப்போகும், விட்டுவைத்தால் அழுகும். ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்தால் பட்டையிலுள்ள டானின் கொலாஜன் நார்களுக்கு இடையே புகுந்து, எக்கச்சக்கமான ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போட்டு, நார்களைச் சேர்த்துக் கட்டுகிறது. அதன்பிறகு அது கூடுதல் சூடு தாங்கும், அழுகாது. அமைப்பு எதுவும் தெரியாமலே நம்மவர்கள் வலுக்குறைந்த பிணைப்புகளைக் கொண்டு தொழில் செய்திருக்கிறார்கள்.

ராமச்சந்திரனின் அடுத்த வேலை எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தியது. கொலாஜன் வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று மிகவும் நெருங்கி நிற்கின்றன என்று வெளிநாட்டில் விமர்சனம் வந்தது. அப்படியானால் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அவர் கேட்டார். புரதச் சங்கிலியில் பெப்டைடு பிணைப்பு தட்டையாக விறைத்து நிற்கும். அதன் இரு பக்கமும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு மட்டுமே. அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து எல்லாக் கோணச் சேர்க்கைகளையும் கணக்கிட்டபோது, பெரும்பாலானவற்றில் அணுவோடு அணு இடிக்கிறது, கொஞ்சம் இடம்தான் மிஞ்சுகிறது என்று தெரிந்தது. 1963-இல் வெளியான அந்தப் படம்தான் ராமச்சந்திரன் வரைபடம். லைனஸ் பாலிங் 1951-இல் சொன்ன ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் மிஞ்சிய இடத்தில்தான் விழுகின்றன. இன்றைக்கும் ஒரு புதிய புரத வடிவத்தை வெளியிடுகிறவர்கள் அந்தப் படத்தில் போட்டுச் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள்.

லிப்பிட் அலகில் வரும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே புரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, எண்ணெய் தண்ணீரை வெறுத்து ஓடுவதில்லை. தண்ணீர் மூலக்கூறுகளுக்குத் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்வதுதான் வசதி. நடுவே எண்ணெய் வந்தால் அதைச் சுற்றி ஒழுங்காக வரிசை கட்டி நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்தால் அந்தக் கட்டாயம் குறைகிறது. ஒரு முனை தண்ணீருக்கும் மறுமுனை எண்ணெய்க்கும் உறவான மூலக்கூறுகளைத் தண்ணீரில் போட்டால், யாரும் சொல்லாமலே இரண்டடுக்குச் சவ்வாக நின்றுகொள்ளும். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருக்கும் சவ்வு இதுதான். இரண்டாவது, வடிவம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரானவை, விறகு அடுக்குவது போல நெருங்கி அடுக்கலாம். நல்லெண்ணெயில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் முழங்கை மடக்கியது போல ஒரு வளைவு இருக்கிறது, அடுக்க வராது.

எண்ணெயும் தண்ணீரும் என்ற இந்தக் கணக்கு புரதத்துக்குள்ளும் ஓடுகிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அரிவாள் செல் இரத்தசோகையில் மாறியிருப்பது ஆறாவது இடம் மட்டும்: தண்ணீரோடு உறவான குளுட்டாமிக் அமிலம் போய், எண்ணெய்த்தன்மையுள்ள வேலின் வந்து நிற்கிறது. கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ராம் 1950-களின் நடுவில் இதைக் கண்டறிந்தார். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில், அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடுகின்றன. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபுக்கூறு இருப்பது 1952-இல் பதிவானது. இந்தியாவில் இதுபற்றிய தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்று அது. ஓர் அமினோ அமிலத்தின் பக்கத்தொகுதி தண்ணீரை நாடுகிறதா, விலகுகிறதா என்பது எங்கோ ஒரு மலைக்கிராமத்துக் குழந்தையின் மூட்டுவலி வரைக்கும் போகிறது. இருபது அமினோ அமிலங்களையும் அகரவரிசையில் படிக்காமல், தண்ணீரை நாடுபவை, விலகுபவை, மின்சுமை உள்ளவை என்று பிரித்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நியூக்ளிக் அமிலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதுவரை வந்துவிட்டால் அது உங்களுக்கே தெரியும். டி.என்.ஏ. இழையின் நெடுக்கே சகப்பிணைப்பு, குறுக்கே ஹைட்ரஜன் பிணைப்பு: அடினினுக்கும் தைமினுக்கும் இரண்டு, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் மூன்று. எழுத்துகள் அழியாமல் இருக்க நெடுக்கே வலு வேண்டும், படி எடுக்கத் திறக்க வேண்டுமென்பதால் குறுக்கே வலு குறைய வேண்டும். கொரோனா காலத்தில் எல்லோரும் எடுத்த பி.சி.ஆர். பரிசோதனையில் மாதிரியை 95 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். இழைகள் இரண்டாகப் பிரியும், நெடுக்கே ஒன்றும் அறாது. ஆறியதும் சரியான துணையோடு சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவுக்கும் ஆற்றல்? செல்கள் ஆற்றலுக்காகச் செலவிடும் ஏ.டி.பி.யைப் (அடினோசின் ட்ரைபாஸ்பேட்) பற்றி ஒரு தவறான வாக்கியம் ஊரெல்லாம் சுற்றுகிறது: "அதன் பாஸ்பேட் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவருகிறது." எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் கொடுத்தாக வேண்டும். ஏ.டி.பி. தண்ணீரோடு வினைபுரியும்போது உண்டாவது, ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட்டும் தனிப் பாஸ்பேட்டும். அவை இரண்டும் தொடக்கப் பொருள்களைவிட நிலையானவை என்பதால் மொத்தக் கணக்கில் மோலுக்கு 30.5 கிலோஜூல் மிஞ்சுகிறது. முதலில் சொன்ன எண்களோடு வைத்துப் பாருங்கள். சில ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரித்து ஒரு புரதத்தின் வடிவத்தை மாற்ற இது போதும், சகப்பிணைப்புகளைக் கண்டபடி அறுக்க இது போதாது. செல்லுக்குத் தேவையான அளவுக்கு மாற்றிய சில்லறை. உடலில் ஒரு நேரத்தில் இருப்பது ஒரு கைப்பிடி அளவுதான். அதையே திரும்பத் திரும்ப உருவாக்கி, ஒரு நாளில் ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்குப் புழங்குகிறோம்.

ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறம் பார்த்து அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். செய்முறை வகுப்பில் நீல நிறம் வரவழைத்து நிறமானியில் அளவெடுக்கிறீர்களே, அந்த ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை இவருடையதுதான். தசைச் சாற்றில் அந்த அளவு எதிர்பார்த்தபடி வராமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனதை அலட்சியப்படுத்தாமல் பின்தொடர்ந்ததால் 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்ற சேர்மம் கிடைத்தது. 1929-இல் ஏ.டி.பி. கிடைத்தது, அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே அதைக் கண்டார். அடுத்த முறை அந்தச் செய்முறையில் உங்கள் அளவு நிலையாக நிற்காவிட்டால், நோட்டில் அப்படியே எழுதிவையுங்கள், திருத்தாதீர்கள்.

இனி எப்படிப் படிப்பது என்பது. தண்ணீரையும் வலுக்குறைந்த பிணைப்புகளையும் பற்றிய அத்தியாயத்தை முதல் வாரம் முழுக்கப் படியுங்கள், பலர் தாண்டிப்போகும் அத்தியாயம் அது. பிறகு அமினோ அமிலங்களுக்குப் போங்கள், சர்க்கரைகளை அதன்பின் வைத்துக்கொள்ளலாம். எந்த மூலக்கூறைப் பார்த்தாலும், இது தண்ணீரோடு என்ன செய்யும், பக்கத்திலிருப்பதோடு எப்படிப் பொருந்தும், சூடாக்கினால் எது முதலில் பிரியும் என்று கேட்டுவிட்டுப் படத்தை வரையுங்கள். கஞ்சிச் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சூட்டை மெதுவாக ஏற்றுங்கள், நீலம் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். கொதிக்கவிட்டால் அயோடின் ஆவியாகிவிடும், எவ்வளவு ஆறினாலும் நிறம் திரும்பாது.